கார்ட்லெஸ் சர்க்குலர் சாவில் சாய்வு வெட்டும் பிளஞ்ச் கட்டும்: கைக்குச் சேதமில்லாமல் செய்யும் முறை

ஒரு பலகையை நேராக அறுக்கும்போது சர்க்குலர் சாவில், அதாவது வட்ட பிளேடு சுழலும் கைரம்ப மிஷினில், இரண்டு காவல்கள் நம்மைக் கேட்காமலேயே வேலை செய்துகொண்டிருக்கின்றன. ஒன்று அடியில் இருக்கும் பேஸ் தகடு. அது பலகை மேல் முழுசாகப் படிந்திருக்கும் வரை பிளேடு கோணாது. இன்னொன்று பிளேடின் கீழ்ப்பாதியை மூடியிருக்கும் ஸ்பிரிங் கார்டு. மிஷினை முன்னால் தள்ளத் தள்ளப் பலகையின் ஓரம் பட்டு அது தானாகத் திறக்கும், வெட்டு முடிந்ததும் தானாக மூடிக்கொள்ளும்.

சாய்வு வெட்டில் முதல் காவல் பாதியாகிறது. மிஷினின் எடை ஒரு பக்கமாகச் சாய்கிறது, பேஸ் நழுவப் பார்க்கிறது, கார்டும் ஓரத்தில் சிக்கிக்கொள்கிறது. பிளஞ்ச் கட்டில், அதாவது ஓரத்திலிருந்து வராமல் பலகையின் நடுவிலேயே பிளேடை இறக்கி வெட்டும்போது, சில விநாடிகளுக்கு இரண்டு காவலுமே இல்லை. பேஸின் முன் ஓரம் மட்டும்தான் பலகையில் நிற்கிறது, கார்டை நாமே விரலால் தூக்கிப் பிடித்திருக்கிறோம். அந்த நேரத்துக்கு அந்தக் காவல்களுக்கு ஈடாக வேறு எதை வைப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். 18 மி.மீ. ப்ளைவுட்டில் ஒரு டிவி யூனிட். அதன் மூலைகளில் ப்ளையின் அடுக்குகள் வெளியே தெரியக்கூடாது, அதனால் 45 டிகிரி சாய்வில் வெட்டிச் சேர்க்க வேண்டும். பின்பலகையில், சுவரில் ஏற்கெனவே இருக்கும் ஸ்விட்ச் பாக்ஸுக்காக 300-க்கு 200 மி.மீ. அளவில் ஒரு திறப்பு வேண்டும். முதலாவது சாய்வு வெட்டு, இரண்டாவது பிளஞ்ச் கட்.

## மிஷின் ஏன் உதைக்கிறது

கடைகளில் அதிகம் கிடைக்கும் 18 வோல்ட் மிஷின்களில் பிளேடு பெரும்பாலும் 165 மி.மீ. விட்டம். நிமிடத்துக்கு 5000 சுற்று என்று வைத்தால் பல்லின் வேகம் விநாடிக்கு 43 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 155 கிலோமீட்டர். ஒயர் இல்லை, பேட்டரிதானே என்று இதை இலேசாக எண்ணக்கூடாது.

பிளேடு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதைக் கண்ணால் ஒரு முறை பார்த்து மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, கார்டில் உள்ள அம்புக்குறியைப் பாருங்கள். முன்பக்கப் பற்கள் கீழிருந்து மேலே ஏறும், பின்பக்கப் பற்கள் மேலிருந்து கீழே இறங்கும், அடியில் உள்ள பற்கள் முன்னோக்கி ஓடும். இந்த ஒன்றிலிருந்து இரண்டு விஷயங்கள் புரிந்துவிடும். பல் மேலே ஏறி வெளியேறுவதால் சில்லுப் பெயர்வது பலகையின் மேல்முகத்தில். ஆகவேதான் நல்ல முகத்தைக் கீழே வைத்து அறுக்கச் சொல்கிறார்கள். இரண்டாவது, அடிப்பற்கள் மரத்தை முன்னால் தள்ளுவதால், மரம் அசையாத பட்சத்தில் மிஷின்தான் பின்னால் வரும். வெட்டுத் தடம் இறுகிப் பிளேடைக் கவ்வினாலோ, மிஷின் கோணிப் பின்பற்கள் தடத்தின் சுவரில் பட்டாலோ, பிளேடு தடத்திலிருந்து மேலேறி நம்மை நோக்கி எகிறும். இதைத்தான் கிக்பேக் என்கிறோம்.

சாய்வு வெட்டில் மிஷின் கோணுவதற்கு வாய்ப்பு அதிகம். பிளஞ்ச் கட்டிலோ பிளேடு மரத்தைத் தொடும் முதல் நொடியிலேயே அடிப்பற்கள்தான் தொடுகின்றன, ஆகவே பின்னால் தள்ளும் விசை தொடக்கத்திலேயே முழுசாக இருக்கிறது. கிக்பேக்கை எதிர்பாராத விபத்தாக நினைக்க வேண்டியதில்லை. எந்தத் திசையில் வரும் என்று முன்பே தெரிவதால் அந்தத் திசையில் தடுப்பு வைக்க முடியும், அந்தத் திசையில் நிற்காமல் இருக்கவும் முடியும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊரில் பல இடங்களில் டைல்ஸ், கிரானைட் அறுக்கும் மார்பிள் கட்டரில் பல் வைத்த மர பிளேடை மாட்டி ப்ளைவுட் அறுக்கிறார்கள். அந்த மிஷின் பல் இல்லாத வைரப் பிளேடுக்காகச் செய்யப்பட்டது. நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடும், கீழே மூடும் கார்டு கிடையாது, பேஸ் உள்ளங்கை அளவுதான். பல் மரத்தில் கொக்கி போட்டால் பிடிக்க ஒன்றும் இல்லை. அதில் பிளஞ்ச் கட் செய்வதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது சாதாரணமாகத் தெரியும், ஆனால் கீழே சொல்லும் எந்த முறையும் அந்த மிஷினுக்குப் பொருந்தாது. அதில் இதைச் செய்யவே வேண்டாம்.

## வெட்டுவதற்கு முன்

பேட்டரி மிஷினில் ஒரு தனி ஆபத்து உண்டு. ஒயர் மிஷின் என்றால் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறோமா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியும். இது எப்போதும் தயாராகவே கிடக்கும். ஆழம் மாற்ற, சாய்வு மாற்ற, பிளேடு மாற்ற, கார்டில் சிக்கிய சில்லை எடுக்க என எதற்குக் கை பிளேடு பக்கம் போனாலும் முதலில் பேட்டரி வெளியே வந்துவிட வேண்டும். பேட்டரியைக் கழற்றிப் பக்கத்தில் கண்ணில் படும்படி வையுங்கள், அப்புறம் வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்தது கார்டு. லீவரால் முழுசாகத் திறந்து விட்டுப் பாருங்கள். டக்கென்று மூட வேண்டும். மெதுவாக மூடினாலோ பாதியில் நின்றாலோ மரத்தூளும் பசையும் ஏறியிருக்கிறது, சுத்தம் செய்யாமல் தொடாதீர்கள். மிஷினை 45 டிகிரிக்குச் சாய்த்து வைத்தும் இதே சோதனையைச் செய்யுங்கள். நேராக இருக்கும்போது நன்றாக மூடும் கார்டு, சாய்ந்த நிலையில் பேஸில் உரசி நிற்பது உண்டு. கார்டைக் கம்பியாலோ கயிறாலோ கட்டித் திறந்தே வைக்கும் பழக்கம் சில பட்டறைகளில் இருக்கிறது. வெட்டு முடிந்து மிஷினைத் தொடை ஓரமாக இறக்கும் அந்த ஒரு விநாடிக்காகத்தான் அந்தக் கார்டு இருக்கிறது. கட்டாதீர்கள்.

பிளேடைப் பொறுத்தவரை, மிஷினோடு வரும் 24 பல் பிளேடு கட்டுமான மரத்துக்கு ஏற்றது. ப்ளைவுட்டுக்கும் மைக்கா ஒட்டிய பலகைக்கும் 40 பல்லோ அதற்கு மேலோ வேண்டும். கார்ட்லெஸ்ஸுக்கு மெல்லிய பிளேடாக வாங்குங்கள். தடத்தின் அகலம் குறைந்தால் மோட்டாருக்குப் பாரமும் குறையும். மழுங்கிய பிளேடோடு சாய்வு வெட்டுக்குப் போகவே கூடாது, தள்ளத் தள்ளக் கை பலம் கூடிக்கொண்டே போகும், அங்கேதான் மிஷின் கோணும். பிளேடு போல்ட்டைக் கழற்றும்போது திசை குழப்பினால் ஒரு வழி இருக்கிறது: பிளேடு சுழலும் திசையிலேயே திருப்பினால் தளரும். பிளேடு இடப்பக்கம் இருக்கும் பல மிஷின்களில் இதனால் இடப்புரி போல்ட் (வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருகுவது) இருக்கும், வழக்கமான பக்கம் திருகிப் போல்ட்டின் தலையை மழுக்கிவிடாதீர்கள்.

பேட்டரி 4 அல்லது 5 ஆம்பியர்-ஹவர் இருந்தால் நல்லது, முழுச் சார்ஜில் இருக்க வேண்டும். பாதி வெட்டில் வேகம் இறங்கித் திணறும் பிளேடு, கவ்விக்கொள்ளக் காத்திருக்கும் பிளேடு.

உடம்புக்கு: கண்ணாடி, காதுக்கு மஃப், மூக்குக்கு என்95 வகை மாஸ்க். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கிறது. ப்ளைவுட் தூளில் பசையும் சேர்ந்திருக்கும், ஆகவே துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது. தோளில் துண்டு, தொங்கும் லுங்கி, தளர்ந்த கையுறை மூன்றையும் தவிர்க்க வேண்டும். காலில் மூடிய செருப்பாவது இருக்கட்டும்.

## சாய்வு வெட்டு

கோண வெட்டு என்று சொன்னால் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். மிஷின் நேராக நிற்க, பலகையின் மேல் கோடு மட்டும் சாய்வாகப் போவது ஒன்று. இதில் பேஸ் முழுசாகப் படிந்திருப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை, பேஸின் ஓரம் உரசி ஓட ஒரு நேர்ச்சட்டத்தைக் கோணத்தில் கிளாம்ப் போட்டால் வேலை முடிந்தது. மிஷினையே சாய்த்து, பலகையின் கனத்தைச் சாய்வாக அறுப்பது இன்னொன்று. நம் டிவி யூனிட்டின் மூலைக்கு வேண்டியது இதுதான்.

முதலில் ஆழம். 45 டிகிரியில் பிளேடு பலகையைக் குறுக்காகக் கடப்பதால் கனம் 1.41 மடங்காகிறது. 18 மி.மீ. ப்ளை 25.5 மி.மீ. ஆகிவிடும். 30 டிகிரியில் ஏறத்தாழ 21, 22.5 டிகிரியில் 19.5. இதனால்தான் 165 மி.மீ. பிளேடு நேராக 55 முதல் 57 மி.மீ. வரை வெட்டினாலும், 45 டிகிரியில் 40 மி.மீ. அளவோடு நின்றுவிடுகிறது. மிஷினில் இருக்கும் ஆழ அளவுகோலை நம்பாமல், பேட்டரியைக் கழற்றி, சாய்வை வைத்து, மிஷினைப் பலகையின் ஓரத்தில் உட்காரவைத்துக் கார்டைத் தூக்கிப் பாருங்கள். பிளேடின் அடி, பலகையின் கீழ்முகத்தைத் தாண்டி 3 முதல் 5 மி.மீ. தெரிந்தால் போதும். அதற்கு மேல் நீட்டுவது கீழே இருக்கும் எதையாவது வெட்டத்தான் உதவும்.

கோணத்துக்கும் மிஷினின் அளவுகோல் தோராயம்தான். மூலைமட்டத்தையோ டிஜிட்டல் ஆங்கிள் கேஜையோ பேஸுக்கும் பிளேடுக்கும் நடுவே வைத்துப் பாருங்கள், பல்லில் படாமல் பிளேடின் தட்டைப் பகுதியில் படும்படி வைக்க வேண்டும். அப்புறம் இரண்டு வேஸ்ட் துண்டுகளை வெட்டிச் சேர்த்து மூலைமட்டத்தில் பிடியுங்கள். அரை டிகிரி பிழை, இரண்டு துண்டு சேரும்போது ஒரு டிகிரி ஆகிவிடும். மூலையின் வெளிப்பக்கம் வாய் பிளந்தால் சாய்வு 45-க்குக் குறைவு. உள்பக்கம் பிளந்தால் 45-க்கு அதிகம். வெளியே தெரியும் மூலைக்கு, ஒரு இம்மி அதிகமாக வைப்பதே நல்லது என்பது என் கருத்து. வெளிக்கோடு இறுக்கமாகச் சேரும், உள்ளே இருக்கும் மெல்லிய இடைவெளியைப் பசை பார்த்துக்கொள்ளும்.

இப்போது, பலர் கவனிக்காத ஒன்று. மிஷினைச் சாய்த்தால் மோட்டார் மேலே எழும், பிளேடின் அடி பேஸின் அகலமான பக்கத்துக்குக் கீழே போகும். ஆகவே பேஸ் படிந்திருக்கும் துண்டில் கூர்முனை மேல்முகத்தில் விழும், வெளித்துண்டில் கூர்முனை அடியில் விழும். பெட்டியின் மூலையில் கூர்முனை இருக்கும் முகம்தான் வெளியே தெரியும் நல்ல முகம். பேஸை நமக்கு வேண்டிய துண்டின் மேல் ஓட்டினால் நல்ல முகம் மேலே இருந்தாக வேண்டும், சில்லுப் பெயரும் பக்கமும் அதுவே. இதற்கு இரண்டு வழி. பேஸைக் கழிவுத் துண்டின் மேல் ஓட்டி, வேண்டிய துண்டை நல்ல முகம் கீழே இருக்கும்படி வெளியே வைப்பது. கழிவு பேஸ் உட்காரும் அளவு அகலமாக இருந்தால் இதுவே சுத்தமான வெட்டு தரும். இல்லையென்றால் நல்ல முகத்தின் கோட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி, கூரான கத்தியால் ஒரு முறை அழுத்திக் கீறிவிட்டு, அந்தக் கீறலுக்குக் கழிவுப் பக்கமாக வெட்டுவது.

பலகையை எதன் மேல் வைப்பது? இரண்டு ஸ்டூலுக்கு நடுவே தொங்கவிட்டு அறுத்தால், வெட்டு பாதி தாண்டியதும் நடு அமுங்கித் தடம் மேலே மூடும், பிளேடைக் கவ்வும். தரையில் மூன்று நான்கு ரீப்பரை (ஒடுக்கமான மரச்சட்டத்தை) வெட்டுக் கோட்டுக்குக் குறுக்காகப் பரப்பி அதன் மேல் வையுங்கள், இரண்டு துண்டும் கடைசி வரை தாங்கப்பட வேண்டும். ரீப்பரில் 3 மி.மீ. கோடு விழும், விழட்டும், ஆணி மட்டும் இருக்கக்கூடாது. 50 மி.மீ. தெர்மாகோல் ஷீட்டும் இதே வேலையைச் செய்யும், வீடெல்லாம் மணி பறக்கும் என்பதுதான் குறை.

நேர்ச்சட்டத்துக்கு 2-க்கு 1 அங்குல அலுமினியம் செக்‌ஷன் போதும். பேஸின் ஓரத்திலிருந்து பல் வரை உள்ள தூரம் நேர் வெட்டில் ஒன்று, 45 டிகிரியில் இன்னொன்று. வேஸ்ட் துண்டில் சட்டத்தைக் கட்டி ஒரு வெட்டு வெட்டி, சட்டத்திலிருந்து தடம் வரை அளந்து அந்த எண்ணைச் சட்டத்திலேயே மார்க்கரால் எழுதிக்கொள்ளுங்கள். பேஸின் முன்னால் உள்ள 45 என்ற வெட்டுக்குறி கைப்பழக்க வெட்டுக்குச் சரி, மூலைச் சேர்ப்புக்குப் போதாது. சட்டம் பேஸின் அகலமான பக்கத்தை ஒட்டி இருக்கட்டும், சாய்வில் மோட்டார் மேலே எழுந்துவிடுவதால் இடிக்காது. கிளாம்ப்பின் கீழ்த்தாடையைக் குனிந்து பாருங்கள். பிளேடின் அடி அந்தப் பக்கமாகத்தான் சாய்ந்து வருகிறது. மேலே தெரியும் கோட்டிலிருந்து நிறைய தள்ளி இருப்பதாகத் தோன்றும் தாடை, அடியில் பிளேடின் பாதையிலேயே இருக்கலாம்.

சரி, வெட்டலாம். பிளேடு போகும் கோட்டுக்கு நேர் பின்னால் நிற்காமல் ஒரு பக்கமாக நில்லுங்கள். இரண்டு கையும் மிஷினின் இரண்டு கைப்பிடியிலும். பேஸின் முன்பகுதியைப் பலகையில் அழுத்திப் படிய வைத்து, சட்டத்தை ஒட்டி, பிளேடு ஓரத்திலிருந்து ஒரு விரல்கடை தள்ளி இருக்க ட்ரிகரை அழுத்துங்கள். முழு வேகம் வந்த பிறகே உள்ளே தள்ளுங்கள். 45 டிகிரியில் கார்டின் உதடு பலகையின் ஓரத்தில் கோணலாகப் பட்டு, திறக்காமல் முட்டி நிற்பது சகஜம். வேகமாகத் தள்ளி அதைத் திறக்க முயலாதீர்கள், அது சட்டென்று விட்டுக்கொடுக்கும்போது மிஷின் குதித்து உள்ளே போகும். கார்டின் லீவரை விரலால் சற்றுத் தூக்கி, பல் மரத்துக்குள் நுழைந்ததும் விட்டுவிட்டு, கையை உடனே முன் கைப்பிடிக்குக் கொண்டுவாருங்கள்.

தள்ளும் வேகம், நேர் வெட்டில் தள்ளும் வேகத்தில் பாதி. மோட்டாரின் சத்தம் வழிகாட்டும். சத்தம் தாழ்ந்தால் தள்ளுவதைக் குறைக்க வேண்டும். மிஷினின் எடை வெளிப்பக்கமாகச் சாயப் பார்க்கும், ஆகவே அழுத்தம் பேஸின் அகலப் பக்கத்தில் இருக்கட்டும். கோடு விலகிவிட்டால் நடுவில் முறுக்கித் திருத்தாதீர்கள், சாய்வில் முறுக்கினால் பின்பற்கள் சுவரில் கட்டாயம் படும். ட்ரிகரை விட்டு, பிளேடு நிற்கும் வரை மிஷினை அசையாமல் பிடித்திருந்து, வெளியே எடுத்து, வெட்டின் தொடக்கத்துக்குப் போய்த் திரும்ப வாருங்கள். நடுவிலிருந்தே தொடர வேண்டும் என்றால், பல் எதிலும் படாமல் பிளேடு தடத்தின் நடுவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ட்ரிகரை அழுத்துங்கள்.

ஓரத்தை மட்டும் சீவி 45 டிகிரி ஆக்கலாம் என்று முக்கோணச் சில்லு விழும்படி வெட்டுவதைத் தவிருங்கள். பேஸின் குறுகிய பக்கத்துக்குப் பிடிமானம் இருக்காது, கார்டு சிக்கும், அந்தச் சில்லு பிளேடில் பட்டு அம்புபோலப் பறக்கும். பலகையை 50 மி.மீ. அதிகமாக வைத்துக்கொண்டு வெட்டுங்கள். கொஞ்சம் ப்ளை வீணாகும், அவ்வளவுதான்.

## பிளஞ்ச் கட்

முதலில் மிஷினுக்கு இது முடியுமா என்று பார்க்க வேண்டும். சில மாடல்களில் பிளேடின் பின்னால் ரிவிங் நைஃப் என்ற மெல்லிய தகடு இருக்கும், தடம் மூடாமல் தடுப்பது அதன் வேலை. அது அசையாத வகையாக இருந்தால் மேலிருந்து இறக்க முடியாது, தகடு மரத்தில் இடிக்கும். கழற்றலாமா, பிளஞ்ச் கட் அனுமதி உண்டா என்பதை அந்த மிஷினின் கையேட்டில் பாருங்கள். கழற்றச் சொன்னால், அந்த வெட்டு முடிந்த உடனே திரும்ப மாட்டிவிடுங்கள்.

அடுத்தது திறப்பின் அளவு. பிளேடு வட்டம், திறப்பு செவ்வகம், இதில்தான் எல்லாக் குழப்பமும். 18 மி.மீ. ப்ளைக்கு ஆழத்தை 21 மி.மீ. வைத்து 165 மி.மீ. பிளேடை இறக்கினால், சற்றும் முன்னால் நகராமலேயே மேல்முகத்தில் 110 மி.மீ. நீளத் தடம் விழுந்துவிடும். கீழ்முகத்தில் அதே பிளேடு 44 மி.மீ. மட்டுமே எட்டிப் பார்க்கும். அதாவது ஒவ்வொரு முனையிலும் மேலே வெட்டு மூலையைத் தொட்டுவிட்டாலும், அடியில் ஏறத்தாழ 33 மி.மீ. வெட்டப்படாமல் நிற்கும். இதிலிருந்து இரண்டு முடிவு. பக்கம் 150 மி.மீ.க்குக் குறைவான திறப்புக்குச் சர்க்குலர் சா வேண்டாம், துளை போட்டு ஜிக்சாவில் (குறுகிய பிளேடு மேலும் கீழும் ஓடும் மிஷின்) வெட்டுவதே சரி. நம் திறப்பு 300-க்கு 200, ஆகவே ஆகும். இரண்டாவது, மூலைகளைக் கைரம்பத்தாலோ ஜிக்சாவாலோதான் முடிக்க வேண்டும்.

அடியிலும் முழுசாக வெட்ட மேல்கோட்டைத் தாண்டி ஓட்டுபவர்கள் உண்டு. மேல்முகத்தில் மூலையைத் தாண்டி நான்கு பக்கமும் கீறல் தெரியும் என்பது ஒரு பக்கம். பெரிய விஷயம் வேறு: அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த மூலைகள்தான் உள்துண்டைக் கடைசி வரை அசையாமல் பிடித்திருக்கின்றன. அதைத் துண்டித்துவிட்டால் நான்காவது வெட்டு முடியும்போது உள்துண்டு சாய்ந்து ஓடும் பிளேடில் சிக்கும்.

பலகையை மேஜை மேலோ தரையில் ரீப்பர் மேலோ கிடத்துங்கள். உள்துண்டுக்கு அடியிலும் ரீப்பர் இருக்க வேண்டும். கோட்டைப் பென்சிலால் நான்கு பக்கமும் போட்டு, மூலைகளைத் தாண்டிச் சற்று நீட்டி வரையுங்கள், பேஸ் மறைத்தாலும் மூலை எங்கே என்று தெரியும். நேர்ச்சட்டத்தைக் கிளாம்ப்பில் இறுக்குங்கள். சாய்வு பூஜ்யத்தில் இருக்கிறதா என்று மூலைமட்டத்தில் பாருங்கள், முந்தைய வேலையின் 45 அப்படியே இருந்துவிடக்கூடாது.

இப்போது பேட்டரி இல்லாமல் ஒரு ஒத்திகை. மிஷினைச் சட்டத்தை ஒட்டி வைத்துப் பிளேடை மரத்தைத் தொடும்வரை இறக்கிப் பாருங்கள். ஆழம் 21 மி.மீ. என்றால் பிளேடின் மையத்திலிருந்து முன்னால் 55, பின்னால் 55 மி.மீ. வரை தடம் விழும். அந்த இரண்டு இடத்தையும் பேஸின் பக்கத்தில் மார்க்கரால் குறியுங்கள். தொடங்கும்போது பின்குறி, பின்மூலைக் கோட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னால் இருக்க வேண்டும். முன்குறி முன்மூலைக் கோட்டைத் தொடும்போது பேஸின் முன்விளிம்பு எங்கே வருகிறதோ, அந்த இடத்தில் சட்டத்தின் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். மிஷின் ஓடும்போது தூளுக்குள் கோட்டைத் தேட வேண்டியதில்லை, டேப்பைப் பார்த்தால் போதும்.

அதே ஒத்திகையில் பின்தடுப்பையும் வையுங்கள். இந்த முறையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான், பெரும்பாலும் விட்டுப்போவதும் இதுதான். மிஷின் பின்னால் எகிறும் என்று தெரிந்தபின் அதன் பின்னால் ஒன்றும் வைக்காமல் இருப்பது ஏன்? 3 அங்குல உயரமுள்ள ஒரு ரீப்பர்த் துண்டை நிறுத்தி, பேஸின் பின்விளிம்பை ஒட்டினாற்போலக் கிளாம்ப்பிலோ, கழிவாகப் போகும் பகுதியாக இருந்தால் ஸ்க்ரூவிலோ பிடியுங்கள். ஸ்க்ரூ பிளேடின் பாதையில் வரக்கூடாது. பிளேடு மரத்துக்கு மேலே நிற்க மிஷினைச் சாய்க்கும்போது பேஸின் பின்புறம் 5 சென்டிமீட்டர் வரை எழும், அந்த உயரத்திலும் தடுப்பு எட்ட வேண்டும் என்பதால்தான் 3 அங்குலம். கைப்பிடியும் பேட்டரி உட்காரும் இடமும் அதில் இடிக்காதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியை மாட்டி வெட்டத் தொடங்கலாம்.

1. பேஸின் முன்விளிம்பைப் பலகையில் ஊன்றி, ஓரத்தைச் சட்டத்தில் ஒட்டி, மிஷினின் பின்புறத்தை உயர்த்துங்கள். பின்தடுப்பு பேஸைத் தொட்டு நிற்க வேண்டும்.

2. கார்டின் லீவரைப் பிடித்துக் கார்டை முழுசாகத் திறவுங்கள். லீவரைத் தவிர வேறு எங்கும் பிடிக்க வேண்டாம். பிளேடு மரத்தைத் தொடாமல் இருக்கிறதா என்று ஒரு பார்வை.

3. ட்ரிகரை அழுத்தி முழு வேகம் வரும்வரை அப்படியே இருங்கள். பல் மரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்போது ட்ரிகரை அழுத்தினால் மிஷின் அந்த இடத்திலேயே உதைக்கும்.

4. முன்விளிம்பை அச்சாக வைத்து மெல்ல இறக்குங்கள். மூன்று நான்கு விநாடி எடுக்கட்டும். முன்னால் தள்ளாதீர்கள், பின்னால் இழுக்காதீர்கள், கீழே மட்டும். பிளேடு மரத்துக்குள் இறங்கியதும் கார்டின் லீவரை விட்டுவிட்டு அந்தக் கையை முன் கைப்பிடிக்கு மாற்றுங்கள்.

5. பேஸ் முழுசாகப் படிந்த பிறகே முன்னால் நகர வேண்டும். டேப் வரை போய் நில்லுங்கள். பின்மூலையில் மிச்சம் இருக்கும் ஒரு சென்டிமீட்டருக்காக மிஷினைப் பின்னால் இழுக்கவே கூடாது. பின்னால் இழுத்தால் இறங்கும் பற்கள் வெட்டாத மரத்தில் ஏறும், மிஷின் மேலே தாவும். அந்த மிச்சம் கைரம்பத்துக்கு உரியது.

6. ட்ரிகரை விட்டு, பிளேடு முற்றிலும் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகு தூக்குங்கள். பிரேக் உள்ள மிஷினில் ஓரிரு விநாடி, இல்லாததில் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். தூக்கியதும் கார்டு மூடிவிட்டதா என்று பாருங்கள்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் சட்டத்தையும் தடுப்பையும் மாற்றிக் கட்ட வேண்டும். அலுப்பாக இருக்கும். மூன்றாவது பக்கத்தில் தடுப்பு வேண்டாம் என்று தோன்றும், அப்போதும் கட்டுங்கள். நீளப் பக்கங்கள் இரண்டையும் முதலில் முடித்துவிட்டுக் குட்டைப் பக்கங்களுக்கு வாருங்கள்.

நான்கும் முடிந்தபின் பேட்டரியைக் கழற்றி மிஷினைத் தள்ளி வைத்துவிட்டு, உள்துண்டை அடியில் ஒருவர் தாங்க, மூலைகளை நுண்பல் கைரம்பத்தால் செங்குத்தாக அறுத்து விடுவியுங்கள். உளியால் மூலையைச் சீவி, அரத்தால் ஒரு தேய்ப்பு கொடுத்தால் எட்ஜ் பேண்ட் (ஓரத்தை மூடும் பட்டை) ஒட்டத் தயார்.

## சாய்வும் பிளஞ்சும் ஒன்றாக

மிஷினைச் சாய்த்து வைத்து நடுவில் இறக்குவது சாதாரணச் சர்க்குலர் சாவில் செய்யக்கூடாத வெட்டு என்பதே என் முடிவு. இறங்கும்போது சாய்ந்த பிளேடு பேஸைப் பக்கவாட்டில் தள்ளும், முன்விளிம்பில் மட்டும் நிற்கும் பேஸால் அதைத் தாங்க முடியாது. அப்படி ஒரு வெட்டு கட்டாயம் வேண்டுமென்றால், ரெயிலில் ஓடும் பிளஞ்ச் சா வாடகைக்கு எடுங்கள். அதில் பேஸ் எப்போதும் ரெயிலில் படிந்தே இருக்கும், பிளேடு மட்டும் உறைக்குள்ளிருந்து இறங்கும். ரெயிலின் இரண்டு முனையிலும் அடியிலிருந்து கிளாம்ப் போட வேண்டும், ரப்பர் பட்டையின் பிடிப்பை மட்டும் நம்பக்கூடாது.

சுவரில் ஏற்கெனவே பொருத்திய பேனலில் திறப்பு வெட்டச் சொல்லி வீட்டுக்காரர்கள் கேட்பார்கள், கழற்றி மாட்டச் சோம்பலாக இருக்கும். ஸ்விட்ச் பாக்ஸ் இருக்கும் இடத்தில் கன்சீல்டு ஒயர் (சுவருக்குள் பதித்த ஒயர்) எங்கே மேலே ஏறுகிறது, எங்கே பேனலுக்குப் பின்னால் தளர்வாகத் தொங்குகிறது என்று வெளியிலிருந்து தெரியாது. செங்குத்துப் பரப்பில் பின்தடுப்பும் கட்ட முடியாது, மிஷினின் எடையும் கையில்தான். பேனலைக் கழற்றித் தரையில் வைத்தே வெட்டுங்கள். கழற்றவே முடியாத பேனல் என்றால் அந்தச் சர்க்யூட்டின் எம்சிபியை அணைத்து, டெஸ்டரால் பார்த்து உறுதி செய்துகொண்டு, ஆசிலேட்டிங் மல்டிடூலில் (பிளேடு சுற்றாமல் இடவலமாக அதிரும் கருவி) ப்ளையின் கனம் அளவுக்கு மட்டும் டேப்பால் ஆழக்குறி வைத்து மெல்ல மெல்ல வெட்டுங்கள். நேரம் எடுக்கும், ஆனால் அந்தக் கருவிக்கு எகிறும் பழக்கம் இல்லை.